பிடித்தெடுத்த வாகனங்களின் வாராந்த அறிக்கை

களுவாஞ்சிக்குடி லீசிங் கிளை, மேல்மாடி.
மின்விசிறிக்கு நேர் கீழே என் மேசை.
கீழே பாமசி. எதிரே வங்கி.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன்னம்
கொழும்புக்கு அறிக்கை போக வேண்டும்,
இங்கிலீஷில்.

முந்தின மனேஜர் விட்டுப்போன துண்டுக் காகிதம்
மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது:
வினை முதலில். பிறகு இடம். கடைசியில் நேரம்.
சின்ன இடத்துக்கு அற். பெரிய இடத்துக்கு இன்.
நாளுக்கு ஒன். மணிக்குத் திரும்பவும் அற்.

கல்லாறு சின்ன இடமா பெரிய இடமா என்று
மூன்று வருடமாக எனக்குத் தெரியாது.
பெரியகல்லாற்றுக்கு இன் போடுகிறேன்,
பெயரிலேயே இருக்கிறதே என்று.
கொழும்பில் யாரும் கேட்டதில்லை.

வோஸ் சீஸ்ட் அற் செட்டிபாளையம் ஒன் மண்டே.
வோஸ் சீஸ்ட் அற் குருக்கள்மடம் ஒன் டியூஸ்டே.
சீஸ்ட். பார்க்ட். லொக்ட்.
எல்லாம் ட், ட் என்று முடிகிற சொற்கள்,
கடை ஷட்டரை இழுத்து விட்ட மாதிரி.
பின் வளவில் பதினொரு ஓட்டோ நிற்கிறது.
ஒன்றின் முன் கண்ணாடியில்
இன்னும் யாரோ பிள்ளையின் பெயர்.

வினை முன்னால் வந்துவிட்டால்
பின்னால் வருகிற ஊருக்கு வேலை குறைவு.
நடந்தது நடந்தாயிற்று.
இனி பாலமென்ன, சந்தியென்ன,
காலை ஆறு நாற்பதென்ன,
எல்லாம் இழுத்துப்போகும் வண்டிக்குப் பின்னால்
கயிற்றில் வருகிற சாமான்.

இந்தப் புதன், வரிசையில் ஆறாவது:
நீல ஓட்டோ. நாலு தவணை பாக்கி.
பதிவு, ம. புஷ்பமலர், ஓந்தாச்சிமடம்.
பத்து மணிக்குள் எழுதி முடித்தேன்.
அப்போதுதான் போன் அடித்தது.

"தம்பி, விடியக்குள்ள,
பாலத்துக்கு இங்கால,
அந்த மீன் வாடியடியில,
தயிர்ச்சட்டி இருபத்தெட்டும் ஏத்தி,
சின்னவன் பின்னுக்கு இருந்து சட்டியப் பிடிச்சிருக்க,
மறுகா மழையும் தூறக்குள்ள,
ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளில குறுக்கால..."

அதோடு நின்றாள்.

நான் வினைக்காகக் காத்திருந்தேன்.
வரவில்லை.
எங்கள் பாஷையில் அப்படி நிற்கலாம்.
இடத்தில் நிற்கலாம், நேரத்தில் நிற்கலாம்.
வினை வராதவரை
ஓட்டோ இன்னும் அவளுடையது.
மழை தூறிக்கொண்டே இருக்கும்.
பொடியன் சட்டியை விடவில்லை.
சாவிக்கு இன்னும் யாரும்
கை நீட்டவில்லை.

கீழே பாமசிக்காரர் யாருக்கோ
சாப்பாட்டுக்கு முன்னம் எது, பின்னம் எது என்று
இரண்டாம் தரமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில் என் வாக்கியம் முடிந்து கிடந்தது.
வோஸ் சீஸ்ட். யாரால் என்று இல்லை.
அந்த இலக்கணத்துக்கு ஆள் தேவையில்லை,
வண்டி தானாகப் பிடிபட்டுக்கொள்ளும்.

பிறகு அவள் கேட்டாள்.
குரல் உயரவில்லை.
"நீங்களோ எடுத்த?"

தமிழிலும் ஒளிய இடம் இருக்கும் என்று தேடினேன்.
எடுக்கப்பட்டது.
கடிதத்தில் எழுதலாம் அதை,
ஒரு மனுஷியின் காதுக்குள் சொல்ல ஏலாது.
மிச்சம் இருந்தது எடுத்தோம்.
அந்தச் சொல்லின் வால் காட்டிக்கொடுக்கும்:
மனேஜர், மோட்டார் சைக்கிளில் போன இருவர்,
மின்விசிறிக்குக் கீழே நான்.
முழுச் சொல்லும் வாயில் வரவில்லை.
வால் மட்டும் வந்தது.

"ஓம்."

அவள் போனை வைத்தாள்.
இருபத்தெட்டுச் சட்டிக்கும் என்ன ஆனது என்று
நான் கேட்கவில்லை.
அறிக்கையில் அதற்குக் கூடு இல்லை.

வெள்ளி, மூன்றே முக்காலுக்கு
ஒரு தரம் சரிபார்த்தேன்.
வினை முதலில். நாளுக்கு ஒன். மணிக்கு அற்.
ஓந்தாச்சிமடத்துக்கும் அற் போட்டிருந்தேன்.
சின்ன இடம்தானே.
அனுப்பினேன்.