ஐந்து செக்கன்

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு ஞானசீலன் எடுப்பார்.
கவுன்சிலர் அலுவலகத்தில் தமிழுக்கு நான்தான்.
"தங்கச்சி, நான் இன்னும் நடுரோட்டிலதான் நிக்கிறன்."
முதல்தரம் பதறிப்போனேன்.
பிறகு விளங்கியது, அது முறைப்பாடு.

மார்க்கம் வீதி. ஏழு தடம்.
இந்தக் கரையில் அவர் வீடு,
அந்தக் கரையில் மருந்துக்கடையும் பஸ்ஸும்.
வெள்ளை மனிதன் எரிந்ததும் இறங்குவார்.
பாதி தாண்டுமுன் செம்மஞ்சள் கை சிமிட்டும்,
ஐந்தாம் தடத்தில் இலக்கங்கள் முடிந்துவிடும்.
மிச்ச இரண்டு தடத்துக்கு அவரிடம் இருப்பது
கிடங்கில் சரக்குத்தட்டு விழுந்த முழங்காலும்
உயர்த்திப் பிடித்த ஒரு கையும்.

மார்வா பிரத்வெய்ட் உடனே நம்பவில்லை.
நம்பாமல் விட்டுவிடவும் இல்லை.
மாசி மாதம், மைனஸ் பதினாறில்,
ஓட்டக்காரர் கட்டும் மணிக்கூடும்
பத்துக் கிலோ அரிசிப் பையுமாய் வந்திறங்கினார்.
"வெறுங்கையோடு யார் கடையால் திரும்புகிறார்கள்?"
மூன்றுதரம் நடந்தார்.
மூன்றுதரமும் யாரோ ஹோன் அடித்தார்கள்.
நான் குறிப்பெடுத்தேன்,
பேனையில் மை உறையும்வரை பேனையால்,
அதன்பிறகு பென்சிலால்.

பொறியியல் பிரிவின் பதில் பதினொரு பக்கம்.
மனிதர் செக்கனுக்கு
ஒன்று தசம் இரண்டு மீற்றர் நடப்பர்.
வீதி இருபத்தேழு மீற்றர்.
ஆகவே இருபத்துமூன்று செக்கன் தாராளம்.

"அந்த மனிதரின் பெயர் என்ன?"
சபையில் எழும்பிக் கேட்டார் மார்வா.
எந்த மனிதர் என்றார் தலைவர்.
"ஒன்று தசம் இரண்டு நடக்கிறவர்.
என் தொகுதியில் அவரை நான் கண்டதில்லை."
சிரித்தார்கள்.
சிரித்து முடித்து ஒத்திவைத்தார்கள்.

சித்திரையிலும் ஒத்திவைத்தார்கள். ஆனியிலும்.
மணிக்கு ஆயிரத்துத் தொளாயிரம் கார்,
ஒவ்வொன்றிலும் ஐந்து செக்கனைப் பிடுங்கப்போகிறீர்கள் என்று
ஒருவர் பெருக்கிக் காட்டினார்.
கணக்கில் பிழையில்லை.
நானும் அந்த வீதியால்தான் காரில் வேலைக்கு வருகிறேன்.
என்னுடைய ஐந்தும் அதற்குள் இருந்தது.

ஐப்பசியில் நிறைவேறியது, ஆறுக்கு நான்கு.

நாடா இல்லை. கத்தரிக்கோல் இல்லை.
ஒரு ட்ரக் வந்து நின்றது.
ஒரு பெண் இறங்கி, சாம்பல் பெட்டியைத் திறந்து,
மடிக்கணினியைச் செருகி எதையோ தட்டினாள்.
மீதி நேரத்துக்கு முட்டை சாண்ட்விச் சாப்பிட்டாள்.
மார்வா போய்ப் பொத்தானை அமுக்கினார்.
திரும்பவும் அமுக்கினார்.
பொத்தான் பழுது.
அதற்கு வேறொரு இலக்கம் பதிந்தோம்.

அடுத்த வருடம் தேர்தல்.
துண்டுப்பிரசுரத்தில் ஐந்து செக்கனுக்கு இடம் கிடைக்கவில்லை,
பூங்காவின் படம் பெரிதாகிவிட்டது.
எதிராளியின் பிரசுரங்களை எங்கள் தெருக்களில் போட்டது
ஞானசீலன்தான்,
ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி.
"இப்ப ரோட்டைக் கடக்கப் பயமில்லை தங்கச்சி,
ரெண்டு பக்கமும் எடுத்திருக்கிறன்" என்றார்,
நல்ல செய்தி சொல்லுகிற குரலில்.
நான் மார்வாவிடம் சொன்னேன்.
கோப்பையை வைத்துவிட்டு
கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

நூற்றுப் பதினெட்டு வாக்குகளால் தோற்றார்.

கார்த்திகையில் கதவிலிருந்த பெயரைச் சுரண்டி எடுத்தார்கள்.
புதியது இன்னும் ஏறவில்லை,
சுரண்டிய இடத்தில் பசை மட்டும் மினுங்குகிறது.
மேசைகளில் பெட்டிகள்.
என்னை வைத்திருப்பார்களா என்று யாரும் சொல்லவில்லை.

செவ்வாய், பத்தேகால்.
"தங்கச்சி, கரைக்கு வந்திட்டன்.
நேரம் காணும், மூண்டு செக்கன் மிச்சமும் இருக்கு.
ஆனா பனியை வழிச்சு ஓரத்தில குவிச்சு விட்டிருக்கிறாங்கள்.
ஏற ஏலாமல் நிக்கிறன்."

பென்சிலைத் தேடி எடுத்தேன்.

"எத்தினை அடி உயரம் அண்ணை?"