மூன்று சுழி

அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள்.
தலைமையகத்திலிருந்து வந்தது.
மலாயில் சரி, ஆங்கிலத்தில் சரி,
தமிழில் மட்டும்
'உங்கள் மணநலம் எங்கள் பொறுப்பு.'

மூன்று சுழி ண.
லோரிக்காரர் தங்கையா சத்தமாகச் சிரித்தார்:
"கம்பெனியே பொண்ணு பாக்கப் போவுதாம்.
மொதல்ல நம்ம வாகீசனுக்குப் பாருங்கப்பா."
எல்லோரும் சிரித்தோம்.
பாய்லர் பக்கம் நின்ற வாகீசன்
கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனான்.

லாபிஸ் சாலையோரச் செம்பனை ஆலையில்
நான் எடைப்பாலத்தில் உட்காருகிறவள்.
குலைகளோடு லோரி ஏறி நிற்கும்: ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறும் வண்டியாய்த் திரும்பும்: இன்னோர் எண்.
கழித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
பதினாறு வருடம்.
மனிதர்கள் என் ஜன்னலை
நடந்தே கடந்து போகிறார்கள்,
அவர்களுக்குச் சீட்டு கிடையாது.

ஜாகா வளர்க்கும் மைலோ என்ற நாய்
ஒரே மாதத்தில் கொழுத்துவிட்டது.
வாகீசனின் சாப்பாட்டுப் பொட்டலம்
தினமும் அதற்குத்தான் போகிறது என்று
எனக்குத் தெரியும்.
தெரிந்து என்ன.
குலை குவியும் பருவம்,
இரவு வேலைக்கு ஆள் இல்லை,
என் கண்ணே எனக்கு எரிந்துகொண்டிருந்தது.

விடிகாலை மூன்று மணிக்கு உள்போன் அடித்தது.
"அக்கா, மீட்டர் முள்ளு சரியாத்தான் நிக்குது.
ஆனா நான் எதப் பாத்துக்கிட்டு இருக்கேன்னு
எனக்குத் தெரியல."

நான் சொன்னது இது:
"தூக்கக் கலக்கம். மொகத்தக் கழுவு.
வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயி
ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வா."

"சரிக்கா" என்று வைத்துவிட்டான்.

அந்த 'சரிக்கா'வை
நான் இன்னும் எங்கும் இறக்கி வைக்கவில்லை.

விடிந்ததும் பொறியாளர் ஃபூவின் அறைக்குப் போனேன்.
பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன்,
பாதியில் மலாய் மறந்துபோனது.
அவர் வேலை அட்டவணையை எடுத்தார்,
மூன்று வார இரவுகளில் வாகீசன் பெயரை அடித்தார்,
அந்தக் கட்டங்களில்
தன் பெயரையே எழுதினார்.
"என் தம்பியும் இப்படித்தான் இருந்தான்" என்றார்.
இருந்தான் என்றால் என்னவென்று
நான் கேட்கவில்லை.

சிகாமட் ஆஸ்பத்திரிக்கு என் பழைய கஞ்சிலில் போனோம்.
ஏர்கண்ட் வேலை செய்யாது,
ஜன்னலைத் திறந்தால் பேச முடியாது,
அது வசதியாக இருந்தது.
அங்கே ஒரு படிவம்:
கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்
தூக்கம் இல்லை, பசி இல்லை,
எத்தனை நாள்
இல்லாமல் போனால் தேவலை என்று தோன்றியது.
பேனாவை என்னிடம் நீட்டினான்.
"நீ எழுதுக்கா. நம்பர் போடுறவ நீதானே."
சொன்ன எண்களை
எதையும் கழிக்காமல் எழுதினேன்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தான்.
மருத்துவச் சீட்டை வாங்கிய காக் ரொஹாயா
படிக்காமல் மடித்து
இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.
மறுநாள் பசியாறும் நேரத்தில்
"டெங்கியா?" என்று யாரோ கேட்க
அவனே சொன்னான்,
"இல்ல. மனசு சரியில்ல. மருந்து சாப்பிடுறேன்."

மேசை அமைதியானது.
தமிழ் தெரியாத ஷாஹின் மட்டும்
தன் ரொட்டி சானாயைப் பிய்த்து
ஒரு பாதியை அவன் பக்கம் தள்ளினான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
சில நாள் மைலோவுக்கு இன்னும் பாதிப் பொட்டலம் கிடைக்கிறது.
ஃபூ அடிக்கடி கொட்டாவி விடுகிறார்.
தலைமையகம் பலகைக்கு இன்னொரு தாள் அனுப்பியிருக்கிறது.
பழைய தாளில் ண-வின் ஒரு சுழியை
யாரோ பேனாவால் அடித்திருக்கிறார்கள்,
ஓரத்தில் கரி படிந்த கட்டைவிரல் ரேகை.

இன்று மாலை
தங்கையா பாலத்தில் ஏறி நின்றார்.
முப்பத்தோராயிரத்து நானூற்று எண்பது கிலோ.
சீட்டை வாங்கியும் கையை எடுக்கவில்லை.
"அந்த டாக்டர்
எந்தக் கெழமைல ஒக்காருவாரு?"

"யாருக்கு?"

"சும்மா. தெரிஞ்சவங்களுக்கு."

"செவ்வாய்" என்றேன்.
பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.
அவர் இன்னும் கியரைத் தொடவில்லை.
நானும்
போகச் சொல்லவில்லை.