வலைக்கொரு பங்கு

உப்புவெளி விடுதியின் குளிரூட்டிய மண்டபத்தில்
எனக்குப் போட்ட கதிரை
கோணாமலைக்கும் நிபுணருக்கும் நடுவில்.
நான் மொழிபெயர்ப்பாளர்.
நாளுக்கு ஆறாயிரம், மதியச் சாப்பாடு தனி.

திரையில் எழுத்துகள் ஓடின.
ஏ, டி, ஜி, சி. நான்கே நான்கு.
இருநூற்று நாற்பத்தேழு கற்றும்
சொல் தேடித் திணறுகிறவள் நான்.
இந்த நான்கும் திரும்பத் திரும்ப வந்து
ஒரு கிருமியை முழுதாய்ச் சொல்லி முடித்தன.
சேற்றில் வாழும் கிருமி,
புண் அழுகாமல் காக்கிறதாம்.
எடுத்த இடம்: எட்டுப் புள்ளி மூன்று,
எண்பத்தொன்று புள்ளி நான்கு.

அந்த இடம் எனக்குத் தெரியும்.
வெருகலுக்கு இப்பால், தில்லை மரங்களின் கீழ்,
முழங்கால் புதையும் சேறு.
ஆறு வருடத்துக்கு முன்
அங்கேயும் நடுவில் நின்றது நான்தான்.
திருக்கை முள் ஏறிய காலுக்கு
எந்த வேரடிச் சேற்றை அப்புவது என்று
கோணாமலை காட்டக் காட்ட,
கையுறை போட்ட பிள்ளைகள்
கரண்டியால் அள்ளிக் குப்பியில் அடைத்தார்கள்.
படிவத்தின் பதினோராம் பிரிவில்
'பெறப்படும் தகவலின் பிற்காலப் பயன்பாடு'
ஒன்றரைப் பக்கம் இருந்தது.
வெயில். எல்லோருக்கும் தாகம்.
'ஆராய்ச்சிக்காம்' என்றேன்.
ஒற்றைச் சொல்.
அவர் பெருவிரலை மையில் அழுத்தினார்.

இனம் என்ற இடத்தில்
வேடர் என்று எழுதச் சொன்னார்.
அதற்குப் பெட்டி இல்லை.
'ஏனையோர்' என்பதற்கு நேரே
சரி போட்டதும் என் பேனாதான்.

நிபுணர் நல்லவர். பொறுமையாய் விளக்கினார்.
சேறு கடல் கடக்க அனுமதி வேண்டும்;
எழுத்துக்கு அன்று யாரும் கேட்கவில்லை.
இப்போது உலகத்துக்கென்று
ஓர் உண்டியல் வைத்திருக்கிறார்கள்,
களிம்பு விற்கும் கம்பனி மனம் வைத்தால் போடும்,
பூர்வகுடிகளுக்கும் அதிலிருந்து வரும்,
அரசாங்கம் யாரைப் பூர்வகுடி என்கிறதோ
அவர்களுக்கு.
'ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்' என்றார் கடைசியில்,
'உங்கள் சேறு அங்கேயே இருக்கிறது.
எழுத்தை எடுத்ததால் எதுவும் குறையவில்லை.'

கோணாமலை எழும்பினார்.
மைக்கைத் தோணிக் கம்பு மாதிரி
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

'நண்டு எடுத்தாக் குறையும்.
அதாலதான் சினை நண்டைத் திருப்பி விடுறம்.
குறையாத சாமான் எண்டா
நீங்க எதில நிப்பாட்டுவீங்க?

எங்கட பக்கம்
தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு,
ஆளுக்கு ஒரு பங்கு.
வலைக்காரன் கரையில படுத்துக் கிடந்தாலும்
வலையிட பங்கு பங்குதான்.
இதில வலை ஆர்ட?'

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது.
பங்குக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் வைத்திருந்தேன்;
அது சந்தையில் ஏறி இறங்குகிற பங்கு.
நா அதையும் எடுக்கவில்லை.
'பயன் எப்படிப் பகிரப்படும் என்று கேட்கிறார்.'
'நல்ல கேள்வி' என்று
நிபுணர் குறித்துக்கொண்டார்.
பிறகு தேநீர் இடைவேளை.

நாலு மணிக்கு
மூதூர் லாஞ்சு வரும்வரை இறங்குதுறையில் நின்றோம்.
காலையில் விற்றது போக
ஈரச் சாக்கில் ஐந்து நண்டு மிச்சம்.
சீமெந்தில் வரிசையாய் வைத்தார்:
தோணிக்கு, வலைக்கு, தனக்கு,
காய்ச்சலில் கிடக்கும் மச்சானுக்கு.
ஐந்தாவதை என்னிடம் நீட்டினார்.
'நீ பேசினதுக்கு.'

வேண்டாம் என்றேன்.
'அண்டைக்குப் பேசினதுக்கும் சேத்துத்தான்' என்றார்.
அது கேலியா என்று
கொட்டியாரக் குடாவிலிருந்து அடித்த வெயிலில்
முகம் தெரியவில்லை.

'நியாயமான பயன் பகிர்வு' என்று
மும்மொழியில் அச்சடித்துத் தந்த பையில்
நண்டைப் போட்டுக்கொண்டேன்.
மடத்தடிச் சந்தி வரைக்கும்
உள்ளேயிருந்து கீறிக்கொண்டே வந்தது.
கட்டு எங்கோ அவிழ்ந்திருக்க வேண்டும்.
பையை உடம்பில் படாமல்
தள்ளிப் பிடித்தபடி நடந்தேன்.