எலும்புக்கு

பனி உறைந்த புர்க்டோர்ஃப் ரயிலடியில்
நான் விழுந்தது பெரிய விழுகை இல்லை.
பால் பையை விடாமல் பிடித்தபடி
மற்றக் கையை ஊன்றினேன், அவ்வளவுதான்.
மணிக்கட்டு
ரஸ்க் மாதிரி முறிந்தது.

பிறகு ஒரு மெசின்
சூடில்லாத இஸ்திரிப்பெட்டி போல
என்மேல் மெதுவாக ஊர்ந்து போனது.
காகிதத்தில் வந்தது: மைனஸ் இரண்டு தசம் ஏழு.
வெளியே அன்று மைனஸ் ஒன்பது.
இந்த ஊரில் எனக்குச் சொல்லப்படுவதெல்லாம்
பூச்சியத்துக்குக் கீழேதான்.

டொக்டர் எக்லி கேட்டா: வேறு மருந்து ஏதும்?
செர்ட்ராலின். ஒன்பது வருசம்.
பேனா நின்றது.
சிலருக்கு அதுவும் எலும்பைக் கொஞ்சம் கரைக்கலாம்,
அதுதான் என்று சொல்லமாட்டேன்,
மாதவிடாய் நின்ற வயசு, வெயில் காணாத தோல்,
எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம்.
நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நிறுத்துவதா.
அது வருவதற்கு முந்திய மாரியில்
முதியோர் இல்லத்துச் சலவை அறையில்
முப்பத்தாறு தலையணை உறைகளோடு
ஒரு பட்டனை அழுத்த
அரைநாள் நின்றவள் நான்.
அந்தக் குளிசைதான்
என் விரலைத் தூக்கிப் பட்டனில் வைத்தது.
நிற்க வைத்ததற்கு
எலும்பில் வாடகை எடுத்திருந்தால் எடுக்கட்டும்
என்று சொல்ல வாய் வந்தது.
மாவுக்கட்டுக்குள் இருந்து வலி
கொஞ்சம் பொறு என்றது.

வீட்டில் எப்படிச் சொல்ல?
அப்போது கேதீஸ் கேட்டார், என்ன குளிசை அது?
வாயில் வந்ததைச் சொன்னேன்:
கல்சியம். எலும்புக்கு.
மாமிக்கும் அதுதான்,
கோயிலில் கண்டு கேட்டவைக்கும் அதுதான்.
பொய் சொன்ன வாய்க்குப் போசனம் இல்லை என்பார்கள்.
வாய்க்கு ஒரு குறையுமில்லை.
எலும்புதான் பட்டினி கிடந்திருக்கிறது.

இன்று உண்மையான கல்சியம் வந்திருக்கிறது,
வாளி அளவு டப்பாவில்.
ஒற்றைக் கையால் மூடி திறக்காது.
கேதீஸ் திறந்தார்.
பிறகு, முதல் தடவையாக,
மற்றதன் பெட்டியையும் எடுத்தார்.
போஸ்ட் பஸ் ஓட்டுகிறவர்,
டொச் எழுத்து அவருக்குத் தடக்காது.
வாசித்தார். மடித்த தாளையும் விரித்து வாசித்தார்.
வெள்ளித்தாள் ஒரு தரம் வெடித்தது.

என் உள்ளங்கையில்
பெரிசு ஒன்று, சின்னது ஒன்று.

"இது எலும்புக்கு," என்றார்.
சின்னதைப் பார்த்தார்.
அடுப்பில் ஒன்றுமில்லை, ஆனாலும் போய்
அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இதை நெடுக
தண்ணியோடயோ, சும்மாவோ விழுங்கிறனீர்?"

தண்ணியோட, என்றேன்.