இருபத்தொண்ணாவது பேர்

முக்கூடலில் எங்கள் தெருவுக்கு
மாதம் ஐந்நூறு ரூபாய்க் குலுக்குச் சீட்டு.
கணக்கு நோட்டு என் கையில்,
ஒன்பதாம் வகுப்புவரை படித்த குற்றத்துக்காக.
பேர்கள் இருபது, எல்லாம் பீடி சுற்றும் கைகள்.
கடைசியில் இன்னொரு பேர்:
இலைக்காரி.

போன வருசம் ஊறப்போட்ட இலைக்கட்டை
உதறினபோது ஒரு ரப்பர் வளையல் விழுந்தது.
ஐந்து வயசுக் கைக்குத்தான் நுழையும்.
அன்றுவரை எங்களுக்கு
இலை கம்பெனியில் காய்த்தது.
ஓட்டை இலை வந்தால் மட்டும்
பறித்தவள் என்று ஒருத்தி உண்டு,
கண்ணு அவிஞ்சவளே என்று வைவதற்கு.

லாரி ஓட்டும் மாசானம் சொன்னான்:
"சத்தீஸ்கர் காடு, மதினி.
விடியுமுன்ன போயிருவாவ, பிள்ளையையும் இடுக்கிக்கிட்டு.
அம்பது இலை ஒரு கட்டு.
மழை விழுந்தா காய்ச்சல்.
கொசு கடிச்சுச் செத்துப்போச்சுன்னு
சாதாரணமாச் சொல்லுதாவ."

அப்போதுதான் செய்யதலி பாத்திமா
சீட்டில் அவளுக்கும் ஒரு பேர் போடச் சொன்னாள்.
ஜெபமணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.
"உலகத்துத் தரித்திரத்த ஒழிக்க
நீ என்ன கலெக்டராட்டி?"
"கலெக்டருக்குப் பீடி சுத்தத் தெரியுமா?"
சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.
பிறகு கணக்குப் பார்த்தோம்.
ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய்.
நூறு பீடி. நாலு கட்டு.
ஒரு சீரியலும் பாதி விளம்பரமும்.

ஏழாம் மாதம், ஆனி.
பேச்சித்தாய் மகளுக்கு நர்சிங் பீஸ் கட்டக் கடைசி வாரம்.
தூக்குவாளியைக் குலுக்கி
சின்னப் பையன் எடுத்துக் கொடுத்த சீட்டைப் பிரித்தேன்.
வாசிக்கவில்லை.
"திருப்பிப் போட்டுக் குலுக்கு" என்றது ஒரு குரல்.
என் வாய்க்குள்ளும் அதுதான் இருந்தது,
பொய் சொல்லவில்லை.

பேச்சித்தாய்க்கு எழுத்து தெரியாது.
எங்கள் முகங்களை வாசித்தாள்.
"அவளுக்கா?"
யாரும் பேசவில்லை.
"அவளுக்குன்னா அவளுக்கு. நோட்டுல எழுது."
ஜெபமணி காதில் கிடந்த கம்மலைக் கழற்றி
அவள் மடியில் போட்டாள்.
"வட்டி கேப்பேன் பாத்துக்கோ."
இன்னும் கேட்கவில்லை.

பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
அந்தக் காட்டோரத்து ஆஸ்பத்திரி நர்ஸ்
கையெழுத்துப் போட்ட ரசீதை மாசானம் கொண்டுவந்தான்.
கொசுவலை. வேறெதுவும் புரியாத எழுத்து,
எண் மட்டும் புரிந்தது: 42.
நாற்பத்திரண்டு வலைக்குள் உலகம் அடங்காது.
தெரியும்.
வளையலுக்குச் சொந்தக்காரி
அதற்குள் ஒன்றில் தூங்குகிறாளா,
அதுவும் தெரியாது.

ஆனால் நடந்தது வேறொன்று.
அவளுக்கு எத்தனை கட்டுக்கு எத்தனை கூலி என்று
விசாரிக்கப்போய்,
எங்களுக்கு எடை குறைத்த இலையை
நோட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்.
மூன்று மாதக் கணக்கோடு
இருபது பேரும் கடைக்குப் போனோம்.
ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடி துடைத்தார்,
தராசில் இன்னொரு பிடி இலை வைத்தார்.
ஐம்பது கிராம்.
அந்த வாரம் மட்டும்.
அடுத்த வாரமும் போனோம்.

ஓட்டை இலை இன்னும் வருகிறது.
ஜெபமணி இன்னும் வைகிறாள், புழுவை.

இந்த மாதம் இலைக்காரி பேருக்கு நேரே
பத்தொன்பது கோடு விழுந்திருக்கிறது.
பாக்கி ஒன்று. என்னுடையது.
நாலு கட்டு.
ராத்திரி கரண்ட் போகாமல் இருந்தால்
சுற்றிவிடலாம்.