உறையில் வந்த எண்

எண் ஏற ஏற ஊசி மெலியும்.
இது எனக்குப் பழக ஒரு வருடம் ஆயிற்று.
இருபத்தைந்து, மயிரிழை.
இருபத்திரண்டு, பழைய கை.
பத்தொன்பது பேராசைக்காரன்:
நிறையத் திசு அள்ளுவான், கூடவே நிறைய ரத்தம்.
புதிதாய் வந்ததற்கு நுனியில் மூன்று பல்,
எறும்புக்கு வைக்கலாம், அவ்வளவு சின்னக் கிரீடம்.
இன்னொன்றுக்கு விலாவில் ஒரு காது.

குன்னூரில் ஜனவரி. ஸ்லைடு காயாது.
ஜன்னலைச் சாத்தினாலும் மஞ்சு உள்ளே வந்து
கண்ணாடிமேல் மூச்சு விடும்.
ஹேர் டிரையர் ஒன்றை ஆஸ்பத்திரிக் கணக்கில் வாங்கி
'ஆய்வகக் கருவி' என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறோம்.

எந்த ஊசி என்று டாக்டர் ஸுஹரா முடிவு செய்வதில்லை.
பழுப்பு உறை முடிவு செய்யும்.
அதைப் பிரிக்கையில் நான் முதுகு காட்டி நிற்பேன்.
எது போயிற்று என்று தெரிந்துவிட்டால்
என் கண் ஆளுக்குத் தக்கபடி பார்க்கும்.

அன்று லிங்கி. நாற்பத்தொரு வயது. கேத்தியில் கேரட் போடுகிறாள்.
ஆறு மாதம் காசநோய் மாத்திரை,
ஆறு மாதம் செம்பருத்திச் சாறாய்ச் சிறுநீர்,
வீட்டில் தனி டம்ளர்.
மாத்திரை தீர்ந்தது.
நெஞ்சுக்குள் நெறி கட்டியது கட்டியபடி.
"கைக்குப் போடுற ஊசிய
ஏன் தொண்டை வழியா கொண்டுபோறீங்க?"
பதிலுக்குள் மயங்கிவிட்டாள்.

மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் முக்கு.
திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் அவரைக்கொட்டை,
ஒட்டினாற்போல் துடிக்கும் பெரிய ரத்தக்குழாய்.
முதல் குத்து: ரத்தம்.
இரண்டாவது: ரத்தம், ஓரத்தில் நாலைந்து லிம்போசைட்.
யாரும் பேசவில்லை. கையுறை மட்டும் சரசரத்தது.
மூன்றாவதைத் தேய்த்து, காயவைத்து, நீலம் விட்டுப் பார்த்தேன்.

கிரானுலோமா.
கும்பல் கும்பலாய், அணைத்துக்கொண்டு.
நடுவில் தயிர் திரிந்தாற்போன்ற சிதைவு இல்லை.
இந்த உட்கருக்களுக்குப் புத்தகம் சொல்லும் வடிவம்
கேரட்.
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
"சார்காய்டு மாதிரிதான் இருக்கு டாக்டர்."
அப்போதும் திரும்பவில்லை.

கிருமி முளைக்கிறதா என்று வளர்ப்புக் குழாயை
மார்ச் வரை காத்தோம். முளைக்கவில்லை.

உறைகள் நூற்றிப் பன்னிரண்டும் தீர்ந்த பிறகு
கணக்கு வந்தது. கிரீடம் கொஞ்சம் முந்தியது,
பழையது அதிகம் பின்தங்கவில்லை,
பருத்தவன் கொண்டுவந்ததில் பாதி ரத்தத்தில் முங்கியிருந்தது.
இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம்
என்று அட்டவணைக்கு அடியில் ஒரு வரி.
அறுபத்தேழாவது வரிசையைத் தேடிப் பார்த்தேன்:
இருபத்திரண்டு. மூன்றாம் குத்து.

மறுபரிசோதனைக்கு வந்தவள்
மண் போகாத கேரட் ஒரு பை
ஆய்வக மேசையில் வைத்தாள்.
"அப்ப ஒட்டாதா?"
ஒட்டாது.
"மொதல்லயும் ஒட்டலையா?"
ஒட்டவில்லை.
கொஞ்ச நேரம் டிரையரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அந்த டம்ளர மத்ததோட சேத்து வைக்கவா,
வீசிரவா?"

எவர்சில்வரா என்று கேட்டேன்,
வேறென்ன கேட்பது.
ஆமாம், கல்யாணத்துக்கு வந்தது,
அடியில் பேர் வெட்டியிருக்கு, என் பேர்,
அதனாலதான் அதையே எடுத்துக் குடுத்தாங்க,
என்றாள்.