கைமூச்சு

கோபன்ஹேகன், 1952

பல் பிடுங்கப் படிக்க வந்தவன் நான்.
நுரையீரல் என் பாடத்திலேயே இல்லை.
இளம்பிள்ளை வாதம் ஊரைச் சுற்றிய அந்தச் செப்டம்பரில்
கை இருக்கிற மாணவர் யாரும் வரலாம் என்றார்கள்.
எனக்குக் கை இருந்தது.

நர்ஸ் தோரா, கோபக்காரி,
ரப்பர் பையை என் உள்ளங்கையில் திணித்து
"அழுத்து, விடு.
கடிகாரத்தைப் பார்க்காதே, அவள் முகத்தைப் பார்" என்றாள்.
அவ்வளவுதான் வகுப்பு.

பை முடியும் இடத்தில் குழாய்.
குழாய் முடியும் இடத்தில் ரிக்மோர்,
வயது ஒன்பது,
கழுத்துக்குழியில் ஒரு துளை.

காற்றை நாம் யாரும் தள்ளி உள்ளே விடுவதில்லை.
விலாவுக்கு அடியில் குடையாய்க் கவிந்த தசை
சற்றே கீழிறங்கி இடம் பண்ணுகிறது,
விலாக்கள் ஒதுங்கிக்கொள்கின்றன,
தெருவில் நின்ற காற்று
கூச்சமில்லாமல் நுழைந்துவிடுகிறது.
இத்தனையும் நாம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது.

ரிக்மோரின் குடை இறங்கவில்லை.
அவளுக்குத் தள்ளத்தான் வேண்டியிருந்தது.

அழுத்தினால்
ஒரு குழாய் இரண்டாகி, இரண்டு நான்காகி,
கணக்கு தப்பும்வரை கிளைத்து,
கண்ணுக்குத் தெரியாத பைகளில் போய் நிற்கும் காற்று.
அவற்றின் சுவரைச் சுவர் என்பதே அதிகம்.
அந்தப் பக்கம் ரத்தம் காத்திருக்கிறது,
ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிப் போக.

விட்டால்
இழுபட்ட நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும்.
வெளிமூச்சு இலவசம் என்று
பல் மருத்துவ நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

மூன்று மணிக்குக் கை அசந்தது.
சின்னச் சின்னதாய் அழுத்தியிருக்கிறேன்.
அவள் நெற்றியில் வியர்வை முத்து, கன்னம் சிவப்பு.
சிவப்பு நல்லதென்று நினைத்தவனைத்
தோரா இடித்துத் தள்ளினாள்:
"உள்ளே வரவேண்டியது வருகிறது, மடையா.
வெளியே போகவேண்டியதுதான் தங்கிவிட்டது,
கழுவாத பாத்திரம் மாதிரி."
அவள் நான்கு முறை பெரிதாய் அழுத்தினாள்.
பத்தாவதில்தான் வியர்வை நின்றது.

துளை குரல்வளைக்குக் கீழே.
காற்று குரலைத் தொடாமலே திரும்பிவிடும்.
ஆகவே ரிக்மோருக்கு அழுகை உண்டு, சத்தம் இல்லை.
நாக்கை அண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று எடுத்து
'ச்சு' என்பாள்.
அதற்கு நுரையீரல் வேண்டாம்.
உயிர் ஏறாத வெறும் ஒற்று.
உயிரெல்லாம் என் கையில் இருந்தது.

ஒரு ச்சு, ஆம்.
இரண்டு, இல்லை.
மூன்று, தூங்காதே.

ஆறு மணிக்கு ஹோல்கர் வருவான்.
ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே
பை கை மாறும்.
ஏரியோரம் சைக்கிளில் திரும்புகையில்
என் மூச்சைக் கவனிப்பேன்.
கவனித்த கணமே அது தாளம் கெட்டுப்போகும்.
வலக்கை மட்டும் கைப்பிடியை
அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வரும்.

நவம்பரில் ஒரு விடிகாலை,
நான் அழுத்துமுன்பே பை சற்று ஒடுங்கியது.
ஓட்டை என்று நினைத்தேன்.
தோராவைக் கூப்பிட வாயெடுத்தேன்.
ச்சு ச்சு.

காத்திருந்தேன்.
மீண்டும்,
நீருக்கடியில் மீன் தூண்டிலை உரசிப் பார்ப்பதுபோல
அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிறு இழுப்பு.
ஒரு தேக்கரண்டிக் காற்று இருக்கும்.
அடுத்த நான்கும் நான் தந்தவை.
ஐந்தாவது அவளே எடுத்துக்கொண்டது.
எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது,
கேட்காமல் எடுத்தாள் என்று.

ஹோல்கர் வந்தான்.
பையைக் கொடுக்க மனமில்லை.
"இனி நீயாக அழுத்தாதே" என்றேன்,
"அவள் இழுத்தால் பின்னாலேயே போ."
அவன் புரியாமல் தலையாட்டி,
தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு
உட்கார்ந்தான்.